மூங்கில் பள்ளத்து லோத்தோங்

மூங்கில் பள்ளத்து வாசலில் நிற்கும் பலகையை எழுதியவளே ஐவிதான். ‘குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்’ என்று தமிழில், மலாயில், ஆங்கிலத்தில். மாதா கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பலகை எழுதுகிற கை என்பதால் ஜெனட் டீச்சர் அவளிடம்தான் தூரிகையைக் கொடுத்தாள். பச்சை எழுத்துகள் மழையில் கரையாமல் இருக்க மேலே வார்னிஷும் அடித்தாள் ஐவி.

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையை ஒட்டி, இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே இறங்கும் சின்னக் காடுதான் மூங்கில் பள்ளம். தோட்டத்து லயவீடுகளின் குப்பையெல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் போய் விழும். மேலே காய்கறிக் கொல்லைகளிலிருந்து கிழிந்த பிளாஸ்டிக் விரிப்புகள் மழையோடு வந்து ஓடையை அடைத்துக்கொள்ளும். ஜெனட் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, “சனிக்கிழம காலைல ரெண்டு மணி நேரம் குடுங்க. அந்தப் பள்ளத்த மறுபடி காடாக்கிக் காட்டலாம்” என்று கேட்டாள். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். உரச்சாக்குகளையும் டயர்களையும் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். ஓடைக்கரையில் காட்டத்தி, மெடாங் மரக்கன்றுகளை நட்டார்கள். முனையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும், எல்லாரும் ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஜப்பார் சனிக்கிழமை தவறாமல் ஒரு பெரிய வாளியில் தேநீரும், தாள் சுற்றிய ரொட்டி சானாயும் கொண்டுவந்து இறக்குவார். காசு கேட்டதில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் சாக்கு இழுப்பார்.

கன்றுகள் இடுப்புயரம் வந்தபோது லோத்தோங் குரங்குகள் திரும்பி வந்தன. சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், எதையோ கேட்டு அதிர்ந்துபோனது போன்ற முகம். இலை தின்னும் சாது. அன்றைக்கு ஜெனட் அழுதேவிட்டாள். “இதுங்களுக்கு நாம ஒண்ணும் குடுக்க வேணாம். எட்டி நின்னாலே போதும்” என்றாள். பலகை எழுதப்பட்டது அந்த வாரத்தில்தான்.

ஐவிக்குப் பறவைகளின் பெயர்கள் மனத்தில் நிற்பதில்லை. மற்றவர்கள் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு ஏதேதோ பெயர் சொல்லும்போது அவள் பின்னால் நின்று தலையாட்டுவாள். தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை அவளுக்கு. களை பிடுங்கவும் சாக்கு சுமக்கவும் மட்டும் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு சின்ன மனக்குறை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. நாற்றங்காலுக்கு வாரநாள் மாலைகளில் தண்ணீர் விட ஆள் வேண்டும் என்று ஜெனட் கேட்டபோது உடனே கை தூக்கினாள். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து, சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்குவாள். பள்ளம் முழுக்க அவளுக்கே சொந்தம் மாதிரி இருக்கும்.

அந்த மழைக்காலத்தில்தான் கை கோணிய தாயைப் பார்த்தாள். இடது முன்கை எங்கோ அடிபட்டுத் தப்பாக ஒட்டியிருந்தது. வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் புதுக்குட்டி. மற்றவை உச்சிக்கிளைக்குத் தாவிப் போய்விட, இது மட்டும் கீழ்க்கிளையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. ஐவியின் கூடையில் பாசார் சந்தையில் வாங்கிய பயற்றங்காய் இருந்தது. ஒரு கொத்தை உருவி வேலிக்கட்டையின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். பச்சைப்பிள்ளைக்காரி, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தாள்.

மறுநாளும் வைத்தாள். அடுத்த வாரம் அது அவள் நிற்கும்போதே இறங்கியது. பிறகு ஒருநாள் அவள் கையிலிருந்தே வாங்கியது. கறுத்த விரல்கள், குழந்தை விரல் மாதிரி குளிர்ந்து, அவள் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுப் போயின. ஐவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பறவைப் பெயர் தெரிந்த யாரிடமும் வராதது, படித்த டீச்சரிடமே வராதது, தன்னிடம் வருகிறது. அன்றைக்கு வீட்டில் சமைக்கும்போதும் அதே நினைப்புதான். பயற்றங்காய் போய் வாழைப்பழம் வந்தது. பழம் இல்லாத நாளில் ரொட்டித்துண்டு. இலை தின்னும் வயிற்றுக்கு இனிப்பும் மாவும் ஆகாது என்று ஜெனட் ஒருமுறை எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். ஐவியும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்தான்.

தாயைப் பார்த்து இரண்டு இளசுகளும் வரத் தொடங்கின. அவளுடைய பழைய மோட்டாரின் சத்தம் கேட்டாலே மூன்றும் சாலையோர மரத்துக்கு வந்து காத்திருக்கும். முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மாலை அவள் வந்தபோது, கே.எல். நகரத்திலிருந்து காரில் சுற்றுலா வந்தவர்களின் காடி ஒன்று ஓரமாக நின்றிருந்தது. உள்ளேயிருந்த பெண் கண்ணாடியை இறக்கி பிஸ்கட் நீட்ட, கோணக்கை தாய் காடியின் மூடிமேல் உட்கார்ந்து வாங்கித் தின்றுகொண்டிருந்தது. சிரித்தபடி படம் எடுத்தார்கள். ஐவி மோட்டாரை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தண்ணீர் விடும் வேலையை, தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று சொல்லி வேறொருவருக்கு மாற்றிவிட்டாள். தான் போகாவிட்டால் அவை மறந்துவிடும், காட்டுக்குள் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவை மறக்கவில்லை. அவளைக் காணாமல் ஜப்பார் கடைவரை தேடிப் போயின. கடைக் கூரையில் குட்டியோடு உட்கார்ந்திருக்கும் தாயின் படம் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. ‘எவ்ளோ அழகு’ என்று எழுதினார்கள்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. சாலை முழுக்க வெளியூர்க் காடிகள். ஐவி தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது ஜப்பார் கைப்பேசியில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒரு லோத்தோங் அடிபட்டுக் கெடக்கு. குட்டி தாய விட மாட்டேங்குது. டீச்சரு போன எடுக்கல. நீ சீக்கிரம் வா.”

எந்த லோத்தோங் என்று அவள் கேட்கவில்லை.

கடைக்குச் சற்றுக் கீழே வளைவில் கூட்டம் நின்றது. யாரோ வாழையிலை போட்டு மூடியிருந்தார்கள். இலைக்கு வெளியே அந்தக் கோணிய கை மட்டும் தெரிந்தது, உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்தபடி. குட்டி தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டு, சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் யார் போனாலும் சுருண்டது. ஐவி ஸ்வெட்டரைக் கழற்றி மண்டியிட்டு உட்கார்ந்தாள். குட்டி அவளைப் பார்த்தது. பிடியை விட்டு அவள் மணிக்கட்டுக்குத் தாவியது.

“ஒங்கிட்ட மட்டும் பயப்படாம வருது பாரேன்” என்றார் ஜப்பார், வியந்துபோய். “ஒனக்கு ராசியான கை தங்கச்சி.”

ஐவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எப்டி நானா ஆச்சு?”

“நல்லாத்தான் மரத்துல இருந்துச்சு. கீழருந்து எவனோ ஒருத்தன் பழைய மோட்டாருல வந்தான். அந்தச் சத்தம் கேட்டதும் விறுவிறுன்னு எறங்கி ரோட்டுக்கு ஓடியாந்துச்சு. பின்னாலயே காடி. பிரேக் போடக்கூட நேரமில்ல லா.”

பழைய மோட்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வனவிலங்குத் துறையிலிருந்து ரஸ்லான் என்ற அதிகாரி கூண்டோடு வந்து குட்டியை வாங்கும்வரை அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். குட்டியின் வாயில் ரொட்டி வாசம் அடித்தது. ரஸ்லான் மலாயில் நிதானமாகச் சொன்னார்: பால் குடித்தால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மனிதக் கையில் வளர்ந்தது திரும்பக் காட்டில் பிழைப்பது சிரமம். கூண்டில்தான் இருக்கவேண்டி வரும்.

மறுநாள் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். ஜப்பாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூரைமேல் தாய் உட்கார்ந்திருந்த படத்தை ஒருவர் எடுத்துக் காட்டினார்.

“இது ஒங்க கடதான நானா? பின்னால குப்பத்தொட்டிக்கு மூடியே கெடயாது. மிச்ச ரொட்டி அங்கதான கெடக்குது?”

“கஸ்டமருங்க போடறத நீங்களும் பாத்துக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்களாமே” என்றது இன்னொரு குரல்.

ஜெனட் தணிவாகத்தான் கேட்டாள். “யார் பழக்கினாங்கன்னு தெரிஞ்சாகணும் நானா. ரெண்டு வருஷமா மனுஷன் பக்கமே வராததுங்க. ஒரே மாசத்துல கைல வாங்கித் தின்னுதுன்னா, யாரோ தெனமும் குடுத்திருக்காங்க.”

ஜப்பார் எழுந்து நின்றார். வேலைசெய்து தடித்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிசைந்தார். “நா ஒரு துண்டும் போடல டீச்சர். எம் பிள்ள மேல சத்தியமா போடல. தொட்டிக்கு மூடி இல்லாதது என் தப்புதான். கஸ்டமர வெரட்ட முடியல, அதுவும் என் தப்புதான். ஆனா பழக்குனது நா இல்ல.”

ஐவி மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். எழுந்து நின்றால் எல்லா முகமும் தன் பக்கம் திரும்பும், பலகை எழுதிய கையைப் பார்க்கும் என்று தோன்றியது. அதற்குள் ஜப்பார் தலைக்குல்லாயைச் சரிசெய்துகொண்டு, “சரிங்க, வர்றேன்” என்று வெளியே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை தேநீர் வாளி வரவில்லை. கடையின் பெயரைப் போட்டு, ‘குரங்கைக் கொன்ற ரொட்டி’ என்று முகநூலில் யாரோ எழுதியிருந்தார்கள். ஜப்பாரின் மகள் ரொஹானாதான் கல்லாவில் உட்காருவாள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடைக்கு வரவில்லை என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள்.

ஐவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேயிலைப் பெட்டியைக் கட்டும்போது சின்ன விரல்கள் மணிக்கட்டைப் பிடிப்பது போல இருக்கும், உதறிக்கொள்வாள். கணவன் டொமினிக் லாரி ஓட்டுபவன், அதிகம் பேசாதவன். அவனே ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “என்னா ஐவி, யார் செத்துட்டா?” என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்தான்.

“விடு. பாவம்னு குடுத்த. நீ என்ன கொல்லணும்னா குடுத்த? யாருக்குத் தெரியப் போவுது. கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க.”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. பாவம் என்று கொடுத்தது முதல் நாள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அது தன்னிடம் வரவேண்டும் என்பதற்காகக் கொடுத்தாள். அதை டொமினிக்கிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மதியம், கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து ஜப்பார் கடைக்குப் போனாள். பின்னால் புதுத் தொட்டி ஒன்று, மூடிமேல் கல் வைத்து நின்றது. ஜப்பார் மாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“வா தங்கச்சி. தே குடிக்கிறியா?”

“வேணா நானா. ஒண்ணு சொல்லணும்.” அவள் உட்காரவில்லை. “அந்த லோத்தோங்குக்குப் பழக்கம் பண்ணது நான்தான். மழைக்காலத்துலருந்து. தெனமும் குடுத்தேன். என் மோட்டார் சத்தத்துக்குத்தான் அது எறங்கிப் பழகுச்சு.”

ஜப்பாரின் கை மாவின்மேல் நின்றது.

“மண்டபத்துல நீ இருந்தில்ல?”

“இருந்தேன்.”

“நா எம் பிள்ள மேல சத்தியம் பண்ணப்ப?”

“இருந்தேன் நானா.”

“அல்லாவே” என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார். குரல் ஏறியது. “எம் பொண்ணு ரெண்டு நாளு சாப்புடல, தெரியுமா ஒனக்கு? என்னயப் பாத்து, ‘அத்தா, நெசமாவே நீங்க போடலியா’ன்னு கேட்டுச்சு. எம் பொண்ணே கேட்டுச்சு! நீ அங்கன உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க. ஒன்னயத்தான நா மொதல்ல கூப்ட்டேன் அன்னைக்கி?”

“மன்னிச்சிருங்க நானா.”

“இங்க வந்து எங்கிட்ட தனியா சொல்றதுக்கு எதுக்கு மன்னிப்பு? அத்தன பேரு முன்னாடி என்னயக் கேட்டாங்க. அத்தன பேரு முன்னாடி போய்ச் சொல்லு. அப்பறம் பேசலாம். போ.”

அவர் திரும்பிக்கொண்டு மாவை ஓங்கித் தட்டினார். உள்ளறை வாசலில் ரொஹானா நின்றிருந்தாள். திரையை இழுத்து விட்டாள்.

சனிக்கிழமை காலை எல்லாரும் பள்ளத்து வாசலில் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஐவி சொன்னாள். இடையில் நிறுத்தவில்லை. பயற்றங்காய், வாழைப்பழம், ரொட்டி, மோட்டார், ஓவர்டைம் என்று சொன்ன பொய், மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். “ஜப்பார் நானா மேல பழி விழுந்தப்ப நா பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்” என்று முடித்தாள். ஒரு பெண் “அடப்பாவி” என்று வாய்விட்டுச் சொன்னாள். வேறொருவர் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு நடந்துபோனார்.

ஜெனட்டின் முகம் வெளுத்துவிட்டது. “ஒங்களையா அக்கா நா நாத்தங்காலுக்கு அனுப்புனேன்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு நேரே ஜப்பார் கடைக்கு ஏறினாள். ஐவியும் கடைசி ஆளாகப் பின்னால் போனாள். மண்டபத்தில் கேள்வி கேட்டவர் ஜப்பாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஜப்பார் தலையசைத்தார். ஐவியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

ரஸ்லானிடம் ஜெனட் போனில் பேசினாள். அந்த இரண்டு இளசுகளும் இன்னும் சாலைக்கு வந்துகொண்டிருந்தன. இப்படியே விட்டால் அவற்றுக்கும் அதே கதிதான். ரஸ்லான் சொன்னதை ஜெனட் ஐவியிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“யாரக் கண்டா எறங்கி வருதுங்களோ, அவங்களே வெரட்டணுமாம். மத்தவங்க வெரட்டுனா இன்னொருத்தர தேடிப் போவுங்க. ஒங்க சத்தம் கேட்டாவே பயந்து உள்ள ஓடணும். அடிக்கக் கூடாது, பயமுறுத்தணும். தெனமும். செய்வீங்களா?”

“செய்றேன் டீச்சர்.”

அதே மோட்டாரில் போனாள். சத்தம் கேட்டதும் இரண்டும் தாழ்ந்த கிளைக்கு வந்துவிட்டன. ஒன்று கையை நீட்டியது. ஐவி பழைய பால்டின்னையும் ஒரு கட்டையையும் எடுத்து நின்றாள். அடிக்க முடியவில்லை. வெள்ளை வளையத்துக்குள் அந்தக் கண்கள் அவளைத்தான் பார்த்தன. சிறிது நேரம் நின்றுவிட்டு, எதுவும் செய்யாமல் திரும்பினாள். வழியில் அந்த வளைவு வந்தது. தார்மேல் கறை மழையில் போயிருந்தது, இடம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மோட்டாரைத் திருப்பினாள்.

இந்த முறை டின்னைத் தலைக்குமேல் தூக்கி, கையெலும்பு வலிக்க அடித்தாள். “போ! போ இங்கேருந்து!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். மண்கட்டியை எடுத்து மரத்தண்டில் வீசினாள். இளசுகள் விதிர்விதிர்த்துப் பின்னால் சாய்ந்தன, ஆனாலும் போகவில்லை. விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, ஒன்று மறுபடி கையை நீட்டியது. தோட்டக்குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினாள். அது அலறிக்கொண்டு பல்லைக் காட்டியது. மனிதக் குழந்தை அலறுவது போலவே இருந்தது. ஐவி அழுதுகொண்டே பீய்ச்சினாள். சாலையில் போன காடிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, பாவம் மிருகத்தை ஏன் வதைக்கிறாய் என்று மலாயில் திட்டிவிட்டுப் போனார். அவள் குழாயைக் கீழே இறக்கவில்லை.

தினமும் போனாள். மழையிலும் போனாள். தொழிற்சாலையில் அவளைப் பார்த்தால் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே அன்பாகப் பேசினார்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் குத்தியது. குட்டி பால் குடிக்கிறது, எடை கூடுகிறது என்று ரஸ்லான் அனுப்பிய படத்தை ஜெனட் கைப்பேசிக் குழுவில் போட்டாள். கம்பிக்குப் பின்னால், ஆரஞ்சு நிறம் வெளுத்துச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. யாருடைய கையையோ பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். ஐவி எதுவும் போடவில்லை.

தேயிலைத் தளிர் அடுத்த சுற்று எடுக்கும் சமயத்தில், ஒரு சனிக்கிழமை, ஜப்பார் மறுபடியும் வாளியோடு வந்தார். எல்லாருக்கும் ஊற்றிவிட்டு ஐவி முன்னாலும் ஒரு கோப்பையை வைத்தார். “குடி” என்றார். அவ்வளவுதான். ‘தங்கச்சி’ என்ற சொல் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. சூடாக இருந்தது, குடித்தாள்.

பிறகு ஓடைக்கரைக்கு இறங்கி, காட்டத்தி மரங்களைச் சுற்றிப் படர்ந்த கொடியை அறுக்கத் தொடங்கினாள். மேலே இலைகள் சலசலத்தன. குரங்குக் கூட்டத்தின் பெரிய ஆண் எச்சரிக்கைக் குரல் கொடுத்தது. அதைத் தொடர்ந்து கிளைக்குக் கிளை, மரத்துக்கு மரம், பாய்ந்து போகும் சத்தம். தூரத்தில் நின்ற ஜெனட் தொலைநோக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒங்களப் பாத்துத்தான் ஓடுதுங்கக்கா. அந்த ரெண்டும் சேந்து ஓடுது. இனிமே எறங்காதுங்க” என்றாள். குரலில் பல வாரங்களுக்குப் பிறகு பழைய இணக்கம் கொஞ்சம் இருந்தது.

“நல்லது டீச்சர்” என்றாள் ஐவி.

நிமிர்ந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. சத்தம் பள்ளத்தின் அடிப்பக்கம் போய் அடங்கும்வரை, குனிந்த தலையோடு கொடியை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.